வலது கண்

மூன்று மணி ஐந்து நிமிடம். தூங்குகிறான். தூங்கட்டும், ஆனால் ஒரேயடியாகத் தூங்கிவிடக் கூடாது, நாலு மணிக்குள் ஒருதரம் முழித்து ஒரு பாட்டம் அழுதுவிட வேண்டும். பெற்ற பிள்ளை எப்போது அழுவான் என்று கட்டிலோரம் ஆசையாகக் காத்துக் கிடக்கிற அம்மா பாளையங்கோட்டையிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன், கர்த்தர் மன்னிப்பாராக. எல்லாம் அண்ணன் வைத்த பரீட்சை. மூன்றிலிருந்து நாலு வரை இந்த அறையில் நானும் பிள்ளையும் மட்டும். கதவு சாத்தியாயிற்று, ஜன்னலில் திரை இழுத்தாயிற்று. வெளியே ஜன்னலடியில் ஹெப்சிபா அண்ணி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறாள். அவன் அழும் சத்தம் அவளுக்குக் கேட்டு, ஐந்து நிமிடத்துக்குள் நான் தூக்கி அமர்த்தி, அந்தச் சத்தம் நின்றுவிட்டால் நான் பாஸ். நாளை ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் ஜெபசிங் வந்து எங்கள் இரண்டு பேரையும் தூத்துக்குடிக்குக் கூட்டிப்போகலாம். இல்லையென்றால் பிள்ளை ஒரு வயது ஆகிறவரை இங்கேதான், காது கேட்கிறவர்கள் இருக்கிற வீட்டில்தான். அண்ணன் பொல்லாதவன் இல்லை. நான் பிறந்த நாளிலிருந்து எனக்கும் சேர்த்துக் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன காது அவனுடையது. ஜெபசிங்குக்கும் கேட்காது, உனக்கும் கேட்காது, ராத்திரி பிள்ளைக்கு ஒன்று என்றால் யாருக்குத் தெரியும் என்று அவன் கேட்டபோது அவன் உதடு நடுங்கியது. மற்றவர்கள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். எனக்கு உதடு நடுங்குவதெல்லாம் தப்பவே தப்பாது. இப்போது மூன்று ஆறு. ஒரு நிமிடத்துக்குள் இவ்வளவையும் நினைத்துவிட்டேன். இன்னும் ஐம்பத்து நாலு நிமிடத்துக்கு எதை நினைப்பேன்?

அவனைத்தான் நினைப்பேன், வேறு என்ன வேலை. ஏழு வாரம் மூன்று நாள். மூக்கு ஜெபசிங்கின் மூக்கு, அதில் சந்தேகமே இல்லை, மாவில் கட்டைவிரலை அழுத்தி எடுத்த மாதிரி. ஜெபசிங் பேக்கரியில் மக்ரூன் போடுகிற ஆள், முட்டை வெள்ளைக்கருவும் முந்திரியும் சீனியும் கையில் எந்நேரமும் ஒட்டிக்கொண்டிருக்கும், அந்தக் கையால் பிடித்துவைத்த மூக்கு. மேல் உதட்டில் பால் குடித்துக் குடித்து ஒரு சின்னக் கொப்புளம். தலைப்பக்கம் மூக்கை வைத்தால் பால், பவுடர், வேர்வை, அடியில் இன்னதென்று சொல்ல முடியாத ஒரு வாசம், அதை முகர்ந்தால் எனக்கு உள்ளங்கால் கூசுகிறது. சந்தோஷமாக இருக்கிறேன். அதைச் சொல்லிக்கொள்ள வெட்கமாகக்கூட இல்லை. இந்தப் பயத்துக்கு நடுவிலும் வயிற்றுக்குள் யாரோ கிச்சுகிச்சு மூட்டுகிற மாதிரி இருக்கிறது. இவன் என்னுடையவன். இவனைத் தொட்டிலில் போடாமல் கட்டிலில் கிடத்தியிருக்கிறேன் என்று அண்ணிக்குக் குறைதான், சேலைத் தொட்டிலில் கிடந்தால்தான் பிள்ளைக்குத் தலை உருண்டையாக வருமாம். தலை எப்படியும் வந்துவிட்டுப் போகட்டும், தொட்டிலுக்குள் போட்டால் முகம் தெரியாதே, முகம் தெரியாவிட்டால் எனக்கு அவன் பக்கத்து ஊரில் இருக்கிற மாதிரி. முதலில் தொட்டிலிலிருந்து ஒரு நாடாவைக் கட்டி என் கால் பெருவிரலில் முடிந்து வைத்திருந்தேன், ஆடினால் தெரியுமென்று. மின்விசிறிக் காற்றுக்கு ஆடியது, நான் காலை நீட்டினால் ஆடியது, ஒரே நாளில் முப்பது முறை எழுந்து பார்த்தேன், முப்பது முறையும் ராஜா தூங்கிக்கொண்டிருந்தார். அப்புறம் ஜெபசிங் வாங்கி அனுப்பிய விளக்கு, சத்தம் கேட்டால் பளிச் பளிச்சென்று எரியும். ஆட்டோ ஹாரனுக்கு எரிந்தது, குக்கர் விசிலுக்கு எரிந்தது, கோயில் மணிக்கு எரிந்தது, அண்ணன் தும்மினால் தீபாவளி. அதைப் பரணில் போட்டாயிற்று.

அன்றைக்கு நடந்ததை நினைக்கக் கூடாது. நினைக்கக் கூடாது என்றால் அதுதான் முதல் ஆளாக வந்து நிற்கிறது. மூன்றாவது வாரம், காலை பத்து மணி இருக்கும், அண்ணி கடைக்குப் போயிருந்தாள், நான் பால் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன், அவ்வளவுதான். யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். கண்ணைத் திறந்தால் அறை நிறைய ஆட்கள், பக்கத்து வீட்டுக்காரர், அவர் சம்சாரம், தெருவில் போன யாரோ இரண்டு பேர், தாழ்ப்பாள் உடைந்து தொங்குகிறது, எல்லா வாயும் ஒரே நேரத்தில் அசைகிறது, ஒன்றுகூடப் புரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கடிகாரத்தைக் காட்டிக் காட்டிப் புரியவைத்தார், முக்கால் மணி நேரமாகக் கத்தினானாம். தெருவே கேட்டதாம். நான் அவனைத் திரும்பிப் பார்த்தேன், முகம் மிளகாய்ப்பழம் மாதிரி சிவந்திருந்தது, வாய் திறந்திருந்தது, ஆனால் கன்னம் காய்ந்திருந்தது. ஒரு சொட்டு இல்லை. அதனால் ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், இவர்கள் பொய் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தேன், அழுதவன் கன்னம் இப்படியா இருக்கும்? அப்புறம் டாக்டரம்மாவிடம் போனபோது அவர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். அவர் எப்போதும் எனக்கு எழுதித்தான் சொல்வார், கையெழுத்து கோழி கிண்டியது போலிருந்தாலும் பொறுமையாக எழுதுவார். பிறந்த குழந்தைக்கு அழுகை உண்டு, கண்ணீர் கிடையாது. புருவத்துக்குக் கீழே வெளிப்பக்கமாகச் சுரப்பி இருக்கிறது, கண் காயாமல் நனைத்து வைக்கிற அளவுக்கு அது சுரக்கும், துக்கம் வந்தால் வழிகிற அளவுக்குச் சுரக்க ஒரு மாதம், இரண்டு மாதம் ஆகும். மூளைக்கும் சுரப்பிக்கும் நடுவே உள்ள நரம்பு மெல்லத்தான் வேலை பழகும். அதைப் படித்துவிட்டு நான் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதேன், என் நரம்பெல்லாம் நன்றாகவே வேலை பழகியிருந்தது. முதல் இரண்டு மாதத்துக்கு இவனுக்குக் கொடுத்து அனுப்பியது சத்தம் மட்டும். ஊருக்கெல்லாம் கேட்கிற அழுகை, எனக்கு மட்டும் கேட்காத அழுகை. அதைக் கடந்துவிட்டால் போதும், கண்ணீர் வந்துவிட்டால் போதும், அது நான் படிக்கிற எழுத்து என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

முடிவு செய்த நாலாம் நாள் வந்தது பார், இடது கண்ணில். எப்பேர்ப்பட்ட சந்தோஷம்! ஓரத்தில் துளி நின்று பளபளத்தது, வழிந்து காதோரம் போனது, நான் அள்ளித் தூக்கிக்கொண்டு ஆட்டினேன், முத்தம் கொடுத்தேன், பால் கொடுத்தேன். கீழே விட்டால் மறுபடியும் வந்தது. மறுபடியும் தூக்கினேன். இரண்டு நாள் அவனைத் தரையிலேயே விடவில்லை. பாவம், அவன் தூங்கிக்கொண்டிருந்தான், சிரித்துக்கொண்டிருந்தான், கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான், இந்தப் பைத்தியம் எதற்கு நம்மைக் குலுக்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணிதான் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அண்ணியின் வாய் பெரிய வாய், ஒவ்வொரு சொல்லையும் தட்டில் வைத்துத் தருகிற மாதிரி பேசுவாள், எனக்கு அவளைப் படிப்பது சுலபம். "ஏட்டி பியூலா, அவன் அழவே இல்லட்டி. கண்ணுதான் ஒழுகுது. சும்மா கெடக்க பிள்ளயப் போட்டுப் படாதபாடு படுத்துதியே." டாக்டரம்மாவின் அடுத்த சீட்டில் விஷயம் வந்தது, கண்ணிலிருந்து மூக்குக்கு இறங்குகிற குழாய் ஒரு பக்கம் இன்னும் திறக்கவில்லை, நிறையக் குழந்தைகளுக்கு அப்படி இருக்கும், பெரும்பாலும் தானே சரியாகும், மூக்கோரத்தில் சுண்டுவிரலால் மெல்ல அமுக்கி விட வேண்டும். அழுதால் மூக்கு ஏன் ஒழுகுகிறது என்பது முப்பத்தோரு வயதில் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஜெபசிங்கிடம் வீடியோவில் இதைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறார், மாவுக்கையோடு கன்னத்தைத் துடைத்து, கன்னமெல்லாம் சீனி. அன்றைக்கே இவனுக்குப் பெயர் வைத்துவிட்டார். ஞானஸ்நானப் பெயர் இன்னும் முடிவாகவில்லை, அண்ணன் நூறு பெயர் எழுதி வைத்திருக்கிறான், காது கேளாத எங்கள் ஆட்களுக்குள் அதற்கு முன்னால் கைப்பெயர், கையால் காட்டிக் கூப்பிடுகிற பெயர், வந்துவிடும். சுண்டுவிரலை மூக்கோரம் வைத்து ஓர் அமுக்கு, அதுதான் இவன். என் கைப்பெயர் நெற்றியில் விழுகிற முடி, அண்ணிக்கு இடுப்பில் முந்தானை செருகல். இடது கண் பொய்க்கண் என்று ஆனபிறகு நான் வலது கண்ணுக்குக் காத்திருக்கிறேன். மூன்று இருபத்தெட்டு. வலது கண் மூடியிருக்கிறது. இடது கண் மூடிக்கொண்டே ஒழுகுகிறது, துடைத்துவிட்டேன்.

ஜெபசிங் எங்கேயோ தேடி ஒரு கட்டுரை அனுப்பியிருந்தார், மனிதன் மட்டும் ஏன் கண்ணீர் விட்டு அழுகிறான் என்று. தூசி விழுந்தால் மாட்டுக்கும் கண்ணில் நீர் வரும், புகைக்கு நாய்க்கும் வரும், அவர் வெங்காயம் நறுக்கும்போது அவருக்கும் வரும், அதெல்லாம் கண் தன்னைக் கழுவிக்கொள்வது. மனசு நிறைந்து வழிவது மனிதனுக்கு மட்டும்தானாம். ஏன் என்று யாருக்கும் முழுசாகத் தெரியவில்லை, ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. கத்துவது எல்லோருக்கும் கேட்கும், அம்மாவுக்கும் கேட்கும், புதருக்குள் கிடக்கிற புலிக்கும் கேட்கும். கண்ணீர் பக்கத்தில் வந்து முகத்தைப் பார்க்கிறவர்களுக்கு மட்டும் தெரியும். அதனால் ஆதி காலத்து மனிதர்கள் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக் கண்ணீரைக் கூட்டிக்கொண்டார்கள், ஆபத்தில்லாமல் நம் ஆளை மட்டும் கூப்பிட. சரியோ தப்போ, யாராவது அங்கே நின்று பார்த்தார்களா? ஆனால் படித்தபோது, அடடா, எங்களுக்காகவே யாரோ யோசித்துச் செய்திருக்கிறார்களே என்று இருந்தது. காது கேளாதோர் பள்ளி ஹாஸ்டலில் சாயங்காலம் கரண்ட் போனால் எங்களுக்குப் பேச்சே போய்விடும், கை தெரியாதே. அறுபது பெண்பிள்ளைகள் இருட்டில் உட்கார்ந்திருப்போம். அப்போது ஒரு வழக்கம் இருந்தது, யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது, பக்கத்தில் இருப்பவளின் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பது. காய்ந்திருந்தால் ஒரு தட்டு, ஈரமாக இருந்தால் கையை எடுக்கக் கூடாது, கரண்ட் வருகிறவரை அங்கேயே வைத்திருக்க வேண்டும். வீட்டு ஞாபகம் வந்த புதுப்பிள்ளைகளுக்கு இரண்டு கன்னத்திலும் இரண்டு பேர் கை இருக்கும். எனக்கும் ஆறு வயதில் அப்படி ஒரு கை இருந்தது. எவ்வளவு நேரம் அழுதேன் என்பது மறந்துவிட்டது, அந்தக் கையில் சோப்பு மணத்தது நினைவிருக்கிறது. இதையெல்லாம் அண்ணனுக்கு எப்படிச் சொல்வது? அவன் அழுகையைக் காதால் மட்டும் அறிந்தவன்.

மூன்று நாற்பத்தொன்று. கண் எரிகிறது. இமைக்காமல் பார்த்தால் கண் காய்ந்துபோகிறது, இமைத்தால் பயமாக இருக்கிறது. கண்ணை மூடினால்தான் நான் செவிடு, திறந்திருக்கும்வரை எனக்கு ஒரு குறையும் இல்லை. தூத்துக்குடி வீட்டில் கட்டில் எங்கே போட வேண்டும், கண்ணாடி எங்கே மாட்ட வேண்டும் எல்லாம் திட்டம் போட்டு வைத்திருக்கிறோம், அடுப்படியில் நின்றாலும் கண்ணாடியில் இவன் முகம் தெரிகிற மாதிரி. ராத்திரிக்கு முறை, பாதி நான், பாதி அவர், ஒரு கை எப்போதும் இவன் வயிற்றின்மேல். இதையெல்லாம் எழுதிக் கொடுத்தேன், அண்ணன் படித்தான், மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். அழுடா கண்ணா. கொஞ்சம். சும்மா ஒரு பேச்சுக்கு. மெல்லக் காதைக் கிள்ளினால் என்ன? சீ. நான் என்ன ஜென்மம்! ஒரு பரீட்சையில் பாஸ் ஆவதற்காகப் பிள்ளையைக் கிள்ளுகிறவளா? கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். அழாதே, தூங்கு. தூங்கு, அழாதே. நாளைக்கு ஜெபசிங் வெறுங்கையோடு பஸ் ஏறினால் ஏறட்டும். இல்லை, ஏற வேண்டாம். மூன்று நாற்பத்தாறு.

அசைகிறான். தலை ஒருபக்கம் உருள்கிறது. கண்ணைத் திறந்துவிட்டான். முதலில் கூரையைப் பார்க்கிறான், மின்விசிறியைப் பார்க்கிறான், அதில் அவனுக்குப் பழைய சிநேகம். அப்புறம் தேடுகிறான். என் பக்கம் வரவில்லை, மறுபக்கம் போகிறது கண், சுவர், திரை, திரையில் ஒன்றும் இல்லை. கீழ் உதடு மெல்ல வெளியே வருகிறது. தாடை குழிகிறது. வந்துவிட்டது, இதோ ஆரம்பிக்கப்போகிறான், வெளியே அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். நான் அவன் நெஞ்சில் உள்ளங்கையை வைக்கிறேன். கத்தினால் அங்கே அதிரும், மிக்ஸி ஓடும்போது சமையல் மேடையில் கை வைத்தால் தெரியுமே, அது மாதிரி. அதிரவில்லை. மூச்சு மட்டும் ஏறி இறங்குகிறது, விட்டு விட்டு, ஏங்கி ஏங்கி. சத்தமே இல்லை. சத்தமில்லாமல் முகம் மட்டும் அழுகிறது. கத்துடா, அண்ணிக்குக் கேட்க வேண்டாமா, கத்து! அப்போதுதான் பார்த்தேன், வலது கண். கீழ் இமையோரம் ஈரம் கட்டி நின்றது. அது பெருத்தது, நடுவில் ஜன்னல் திரையின் சிவப்பு தெரிந்தது, இமையைத் தாண்டியது, கன்னத்தில் இறங்கியது, அவசரமே இல்லாமல். பின்னாலேயே இன்னொன்று. கண் இப்போது என்னைக் கண்டுபிடித்துவிட்டது. என்னையே பார்க்கிறான். ஏழு வாரத்தில் முதல்முறையாக என் பிள்ளை என்னிடம் ஒன்று சொன்னான், எனக்கு முழுசாகப் புரிந்தது. பரீட்சையாவது ஒன்றாவது. வாரி எடுத்தேன். கழுத்தோரம் முகத்தைப் புதைத்துக்கொண்டான், அந்த ஈரம் சுடச்சுட என் தோளில் பட்டது, நான் சிரித்தேன், சத்தமாகத்தான் சிரித்திருப்பேன், எவ்வளவு சத்தம் என்று எனக்குத் தெரியாது. பால் தேடினான், கொடுத்தேன்.

நாலு மணிக்குக் கதவு திறந்தது. அண்ணி உள்ளே வந்தாள். முகம் தொங்கிப்போயிருந்தது.

"நல்ல நாளும் பாத்து அழவே இல்லியேட்டி இந்தப் பய," என்றாள். "நீ ஒருக்க சிரிச்சது மட்டுந்தான் கேட்டுச்சு. அழலன்னா கணக்குல இல்லன்னு அவிய சொல்லிட்டாவளே. இப்ப என்ன செய்ய?"

அழுதான் என்று கை காட்டினேன். இரண்டு விரலைக் கண்ணிலிருந்து கன்னத்துக்கு இறக்கினேன்.

"எப்ப? நா அனங்காம ஜன்னலடியிலதானட்டி இருந்தேன். ஒரு மணி நேரமும் காத இங்கனதான் வச்சிருந்தேன். கேக்கலியே."

நான் அவள் கையைப் பிடித்து இழுத்து அவள் விரலைப் பிள்ளையின் கன்னத்தில் வைத்தேன். அண்ணி குனிந்து பார்த்தாள்.

"அது ஒழுகுத கண்ணுல்லா."

இல்லையென்று தலையை ஆட்டினேன். அவனைச் சற்றே திருப்பிக் காட்டினேன். இது வலது. கன்னத்தில் கோடு இன்னும் காயவில்லை, இமைமயிர் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. கடிகாரத்தைக் காட்டி நாற்பத்தெட்டு என்று விரலால் எழுதினேன், அவன் நெஞ்சைத் தொட்டு, அதிர்வு இல்லை என்று கையை விரித்தேன், தூக்கிக்கொண்டதைக் காட்டினேன். அண்ணி அவன் வலது கண்ணைத் தொட்டாள், விரல் நுனியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மறுபடியும் விரலைப் பார்த்தாள். அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து அண்ணனை அழைத்தாள். என் பக்கம் முகத்தைத் திருப்பி, நான் பார்க்க வேண்டுமென்றே ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"ஏங்க, நாளைக்கு அவ பிள்ளயக் கூட்டிட்டுப் போட்டும்... ஆமா, அழுதான்... இல்ல, எனக்குக் கேக்கல. சத்தங்காட்டாம அழுதிருக்கான். அவ பாத்துட்டா."